வாசலுக்கு வந்த கிங்பின்

பிரிட்டனில் ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பாகங்களை வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்ளும் வழக்கம் அறுபதுகளில் வேரூன்றியதற்கு இரண்டு காரணங்களைச் சொல்வார்கள்: சிக்கனம், பொழுதுபோக்கு. இரண்டும் உண்மைதான். ஆனால் சிக்கனம் பார்ப்பவர் பழுதான பாகத்தை மாற்றாமலே ஓட்டிவிடலாம். பொழுதுபோக்குக்காகக் கை வைப்பவருக்கு எஞ்சினில்தான் ஆசை இருக்கும். முன்சக்கரம் திரும்ப அச்சாக நிற்கும் கிங்பின் தேய்ந்தாலும் யார் கண்ணையும் இழுப்பதில்லை. பேட்டரி செத்தால் வண்டி அன்றைக்கே நின்றுவிடும். ஸ்டியரிங்கின் ஆட்டமோ மாதக்கணக்கில், மெல்ல மெல்லக் கூடுகிறது. ஓட்டுபவரின் கையும் அதற்குப் பழகிவிடுகிறது. அப்படி அசட்டை செய்யப்பட்ட மூட்டுகளைப் பார்க்க வைத்தது 1960 செப்டம்பரில் வந்த கட்டாயச் சோதனை என்பதே என் வாதம். போக்குவரத்து அமைச்சராக எர்னஸ்ட் மார்பிள்ஸ் இருந்த காலத்தில், பத்து வயதான வண்டிகளின் பிரேக், விளக்கு, ஸ்டியரிங் மூன்றையும் சோதித்துச் சான்றிதழ் தரும் முறை தொடங்கியது. தேறாத வண்டிகள் ஏராளம் என்பதால் 1961 இறுதியிலேயே வரம்பு ஏழு ஆண்டுகளாகவும், 1967இல் மூன்று ஆண்டுகளாகவும் இறங்கியது. அதுவரை எத்தனை தேய்ந்த வண்டிகள் சாலையில் ஓடிக்கொண்டிருந்தன என்பதற்கு இந்த இறக்கமே சாட்சி.

1948இல் வெளிவந்த மாரிஸ் மைனரைப் பார்த்தால் விஷயம் துலங்கும். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த அந்தக் கார், பத்து லட்சம் விற்ற முதல் பிரிட்டிஷ் கார். மைனரின் கிங்பின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அது டிரன்னியன் என்ற துண்டுக்குள் திருகி நிற்கும். சக்கரம் திரும்பும்போதெல்லாம் அந்த மரைதான் உரசுகிறது. நிப்பிள் வழியாகத் தவறாமல் கிரீஸ் அடித்தால் பல்லாண்டு உழைக்கும். அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து ஒருநாள் பிடி கழன்றுவிடும். சக்கரம் மட்கார்டுக்கடியில் மடங்கி, கார் முன்பக்கம் தரையில் உட்கார்ந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஜாக்கியும் இரண்டு கைகளும் போதும். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். இன்னொருவர் பிரேக்கை மிதித்த பிறகும் ஆட்டம் நிற்கவில்லை என்றால், குறை பேரிங்கில் இல்லை, கிங்பின்னில். இவ்வளவு எளிய சோதனையைக்கூடப் பலர் செய்யாததற்குக் காரணம் அறியாமை அல்ல; செய்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லாததுதான்.

ஸ்டியரிங் உயிர் சம்பந்தப்பட்டது, அதைப் பயிற்சியில்லாத கையில் விடலாமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் படுப்பதும், காட்டர் பின் போடாமல் நட்டை விடுவதும் ஆளையே கொல்லக்கூடிய தவறுகள். ஆனால் பிரிட்டிஷ் ஏற்பாட்டின் விவேகத்தை இங்கேதான் காண்கிறேன். பாகத்தை யார் மாட்டினார் என்று அந்தச் சோதனை கேட்கவில்லை; மாட்டிய மூட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. வேலை வீட்டில் நடக்கலாம், தீர்ப்பு வெளியாள் கையில். உரிமம் பெற்ற மெக்கானிக்தான் தொட வேண்டும் என்று விதித்திருந்தால், கூலி கொடுக்க முடியாதவர் தேய்ந்த கிங்பின்னோடே ஓட்டியிருப்பார் என்றே நினைக்கிறேன். அறிவும் ஒர்க்‌ஷாப் சுவருக்குள் அடைந்து கிடக்கவில்லை. விமானப்படையில் இருந்த ஜான் ஹெய்ன்ஸ், நண்பரின் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட்டைச் சீரமைக்க உதவியபோது, கம்பெனிப் புத்தகம் சாதாரண உரிமையாளருக்கு உதவாது என்று உணர்ந்தார். ஒவ்வொரு படியையும் புகைப்படத்தோடு விளக்கி 1966இல் அவர் வெளியிட்ட கையேட்டின் முதல் 3,000 பிரதிகள் மூன்று மாதத்துக்குள் விற்றுத் தீர்ந்தன.

கிங்பின்னுக்குப் பதிலாக, கிரீஸ் தேவைப்படாத, அடைத்து வரும் பால் ஜாயிண்ட் வந்ததும் வீட்டு வாசலில் மாற்றும் இந்த வழக்கம் செத்தது என்பது இன்னொரு கருத்து. இதை நான் ஏற்கவில்லை. பழைய கார்கள் பலவற்றில் கிங்பின் புஷ்ஷை அழுத்தி ஏற்றிய பிறகு ரீமரால் அளவுக்குக் கடைய வேண்டும். அந்தக் கருவி வீடுகளில் இராது. பால் ஜாயிண்டையோ, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டையோ பழுது பார்ப்பதற்கில்லை, முழுசாக மாற்ற வேண்டியதுதான். பழையதைப் பிடுங்கக் கருவியும், புதியதை முறுக்க டார்க் ரெஞ்சும் இருந்தால் வேலை முடியும். பல கார்களில் வீட்டுவேலை இதனால் சுலபமாகவே ஆனது. வீட்டில் துல்லியமாகச் செய்ய முடியாமல் நின்றது, சக்கரங்களை நேர்படுத்தும் அலைன்மெண்ட். பழைய டை ராட் எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றினால் சக்கரம் ஏறக்குறைய நேராக நிற்கும். அந்த ‘ஏறக்குறைய’வோடு நிதானமாக ஓட்டிப்போய், மிச்சத்தை ஒர்க்‌ஷாப் அளவுகருவியில் சரிசெய்துகொள்ள வேண்டும்.