பழைய பொறியும் புதிய பொறியும்: இலங்கைத் தையல் இயந்திர வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கொழும்பு நகரின் வடபுறத்தே களனி கங்கையைக் கடந்ததும் எதிர்ப்படும் ஊர் பேலியகொடை. கண்டிக்குச் செல்லும் பெருந்தெருவும் புத்தளத்திற்குச் செல்லும் பெருந்தெருவும் பிரியும் இடம் இது. 1978 ஆம் ஆண்டில் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் அமைக்கப்பட்டபோது, ஆடைத் தொழிற்சாலைகளுக்கான அதிவேகத் தையல் இயந்திரங்கள் கொழும்புத் துறைமுகத்திலிருந்து இத்தெரு வழியே வடக்கு நோக்கிச் சென்றன. அதே காலத்தில், கங்கையின் தென்புறத்தே கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும், முந்திய தலைமுறையினர் வாங்கிய வார்ப்பிரும்பு இயந்திரங்கள் வீட்டு விறாந்தைகளிலும் தையற் கடைகளிலும் கால்மிதியால் இயங்கிக்கொண்டிருந்தன. இருவேறு காலத்துப் பொறிகள் ஒரே நகரத்தின் சுற்றாடலில் அருகருகே தொழிற்பட்டன.

இந்நிலையிலிருந்தே ஒரு வினா எழுகின்றது. புதிய இயந்திரம் வாங்க வசதியில்லாதவர் கைமாற்றாக ஒன்றை வாங்க முற்படுகையில், பழைய பொறியைத் தெரிவதா, அண்மைக் காலத்துப் பொறியைத் தெரிவதா என்பதே அது. மேலோட்டமாக நோக்கின் இது கடைத்தெருவோடு முடிந்துவிடும் வினா. ஆயின், தையலையே சீவனோபாயமாகக் கொண்ட குடும்பத்திற்கு இயந்திரமே மூலதனம். அது நின்றுபோகும் நாளில் வருவாயும் நின்றுபோகும். ஆதலின் இவ்வினாவைத் தையல் இயந்திரம் இந்நாட்டில் வழங்கி வந்த வரலாற்றோடு இணைத்து நோக்குதல் பொருத்தமாகும்.

இயந்திரத்தின் வருகை

தையல் இயந்திரம் தொடக்கத்தில் வரவேற்கப்பட்ட பொருளன்று. பிரான்சு நாட்டுத் தையற்காரரான தீமோனியே 1830 இல் தம் இயந்திரத்திற்கு உரிமம் பெற்றார். அவரது பாரிசுத் தொழிலகத்தை, தம் பிழைப்புப் பறிபோகும் என்று அஞ்சிய தையற்காரர் அடுத்த ஆண்டிலேயே தாக்கி இயந்திரங்களை நொறுக்கினர். அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846 இலும், ஐசக் மெரிற் சிங்கர் 1851 இலும் உரிமம் பெற்றனர். ஆயினும், சிங்கர் இயந்திரம் உலகெங்கும் பரவியமைக்கு அதன் பொறியமைப்பு மட்டும் காரணமாகாது. அவரது பங்காளியான எட்வேட் கிளார்க் 1856 ஆம் ஆண்டளவில் வகுத்த தவணை விற்பனை முறையே ஏழை எளியவரின் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டது. இலங்கையில் இது வாடகைக் கொள்வனவு என்னும் பெயரால் அறியப்பட்டது.

சிங்கர் நிறுவனம் 1877 ஆம் ஆண்டில் கொழும்புப் புறக்கோட்டையில் தன் முதற் கிளையை நிறுவியது. அக்காலத்தில் இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளில் அதன் வணிகத்தைப் பம்பாயிலிருந்து நெறிப்படுத்தியவர் பார்சி சமூகத்தவரான என். எம். பட்டேல் ஆவார். நீரா விக்கிரமசிங்க 2014 இல் வெளியிட்ட ஆய்வு நூலொன்று, குடியேற்றவாதக் கால இலங்கையரின் அன்றாட வாழ்வில் இவ்வியந்திரம் பெற்ற இடத்தை விரிவாக ஆராய்கின்றது. பேரியந்திரங்களை ஐயுற்று நோக்கிய காந்தியடிகள்கூட 1924 இல் நிகழ்ந்த உரையாடலொன்றில் சிங்கர் தையல் இயந்திரத்திற்கு விலக்களித்தார். மனைவியின் தையற் சிரமத்தைக் கண்ட அன்பினாலேயே சிங்கர் அதனை அமைத்தார் என்பது அவர் கருத்து. சிங்கரின் வாழ்க்கை வரலாறு இதற்கு இடந்தரவில்லை. அவர் இலாபத்தை நாடியே அம்முயற்சியில் இறங்கியவர். எனினும், மனிதனின் உழைப்பைக் குறைக்கும் இயந்திரம் அவன் கைவசமே இருத்தல் வேண்டும் என்னும் காந்தியடிகளின் நோக்கு, நாம் எடுத்துக்கொண்ட வினாவிற்கு நெருங்கிய தொடர்புடையது.

பழைய பொறியின் இயல்பு

ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங் நகரில் 1885 இல் திறக்கப்பட்ட சிங்கரின் பெருந்தொழிற்சாலை 1980 இல் மூடப்பட்டது. முதலாம் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் அங்கு ஆண்டொன்றிற்குப் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட இயந்திரங்கள் உற்பத்தியாயின. இவ்வியந்திரங்களின் உடல் வார்ப்பிரும்பினாலும், உள்ளே அசையும் உறுப்புகள் உருக்கினாலும் ஆனவை. எண்ணெயிடுவதற்குரிய துளைகள் வெளியே தெரியும். ஒரு திருப்புளியும் சிறிது பொறுமையும் உடையவர் பெரும்பாலான உறுப்புகளைக் கழற்றித் துடைத்து மீளப் பூட்டிவிடலாம். நூறாண்டு கடந்த பொறிகள் இன்றும் தைப்பதற்கு இவ்வெளிமையே காரணம்.

ஆயின், பழையவை யாவும் ஒரே தன்மையன அல்ல. 1860களில் வெளிவந்த 12 ஆம் வகை இயந்திரத்திற்கு அதற்கே உரிய ஊசி வேண்டும். அவ்வூசி இன்று எளிதிற் கிடைப்பதில்லை. பின்னர் வந்த 27, 28 ஆம் வகைகள் ஓட வடிவான நூற்கூட்டையும் நீண்ட பொபினையும் உடையன. இவற்றில் இன்றைய வீட்டு இயந்திர ஊசியைப் பொருத்தலாம். ஆயினும் ஓடம் தொலைந்துபோன இயந்திரத்தை வாங்குபவர் அதைத் தேடி அலைய நேரும். 15 ஆம் வகையின் கதை வேறு. வட்டப் பொபினைக் கொண்ட இவ்வமைப்பை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் யப்பானியத் தொழிலகங்கள் பொது அளவைகளுக்கு உட்படுத்திப் பெருமளவில் உற்பத்தி செய்தன. ஒரு நிறுவனத்தின் உறுப்பு மற்றொரு நிறுவனத்தின் இயந்திரத்திலும் பொருந்தலாயிற்று. இந்தியாவின் உஷா இயந்திரமும் இம்மரபைச் சார்ந்ததே. எனவே, இவ்வகைக்குரிய ஊசியும் பொபினும் பொபின் கூடும் இன்றும் சாதாரணத் தையற்பொருட் கடைகளில் விற்கப்படுகின்றன. பழமை ஒன்றாயினும் பயன் ஒன்றாகாது என்பதற்கு இவ்விரு வகைகளும் தக்க சான்றாகும்.

கட்டுப்பாட்டுக் காலமும் திறந்த பொருளாதாரமும்

1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாக இலங்கை அரசு இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. வெளிநாட்டுப் பொருள்கள் அரிதாகிய அந்நாள்களில், வீட்டிலிருந்த தையல் இயந்திரத்தைப் பேணுவது இயல்பான கடமையாயிற்று. பழுது பார்ப்போர் ஓர் இயந்திரத்தின் உறுப்பைக் கழற்றி இன்னொன்றிற்குப் பூட்டினர். கிடைக்காத உறுப்பைக் கடைசற் பட்டறையில் கடைந்தெடுத்தனர். மகளுக்குத் தையல் இயந்திரத்தைக் கொடுத்து அனுப்பும் வழக்கமும், தாயின் இயந்திரத்தில் மகள் தையல் பழகும் வழக்கமும் தமிழ்க் குடும்பங்களிடையே நிலவின. கைமாற்றம் என்பது இங்கு விற்பனையாக மட்டுமன்றி முதுசமாகவும் அமைந்தது.

1977 இல் அறிமுகமான திறந்த பொருளாதாரக் கொள்கை இந்நிலையை மாற்றியது. புதிய வீட்டு இயந்திரங்கள் தாராளமாக வந்தன. இவை எடை குறைந்தவை. வளைதையல், பொத்தான் துளை, இழுபடும் துணிக்குரிய தையல் ஆகியவற்றைத் தாமே செய்வன. பழைய நேர்தையல் இயந்திரத்தில் இத்தகைய வேலைகளுக்குத் தனித் துணைக்கருவி வேண்டும். சிலவற்றைச் செய்யவே இயலாது. துணியின் ஓரம் பிரியாமற் காக்க வேண்டிய இக்கால உடைகளைத் தைப்பவருக்கு இவ்வசதிகள் சிறியன அல்ல.

ஆனால், இவ்வசதிகளுக்கு ஒரு விலையும் இருந்தது. 1960களின் நடுப்பகுதி தொடக்கம் சிங்கர் முதலிய நிறுவனங்கள் தம் வீட்டு இயந்திரங்கள் சிலவற்றில் உருக்குப் பற்சில்லுகளுக்குப் பதிலாக நைலோன் பற்சில்லுகளைப் பொருத்தத் தொடங்கின. அவை ஓசை குறைந்தவை, மலிவானவை. ஆண்டுகள் செல்ல அவை இறுகி வெடித்துவிடுகின்றன. வெடித்த நைலோன் சில்லை ஒட்டவோ தேய்த்துச் சீராக்கவோ இயலாது. மாற்றுச் சில்லே வேண்டும். 1975 இல் சிங்கர் வெளியிட்ட அதீனா என்னும் இயந்திரத்தோடு மின்னணுக் கட்டுப்பாடும் வீட்டுத் தையலுக்குள் நுழைந்தது. அதன் மின்னணுப் பலகை பழுதுற்றால் ஊர்த் திருத்துநர் செய்யக்கூடியது சொற்பமே. இவ்வாறு பழுது பார்க்கும் ஆற்றல் பயன்படுத்துவோர் கையிலிருந்து உற்பத்தியாளர் கைக்கு மெல்ல மெல்ல மாறிச் சென்றது.

பேலியகொடை வழியே வலயத்திற்குச் சென்ற இயந்திரங்கள் மூன்றாவது வகையைச் சார்ந்தவை. இன்றைய யூக்கி முதலிய யப்பானியத் தொழிற்சாலை இயந்திரங்கள் நிமிடத்திற்கு 5,000 தையல் அளவில் ஓடவல்லவை. வீட்டு இயந்திரம் பொதுவாக ஆயிரத்தை அண்டியே நிற்கும். 1992 இல் தொடங்கிய இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் இவற்றை நாட்டின் கிராமப் புறங்களுக்கும் கொண்டுசென்றது. 2005 சனவரி முதலாந் திகதி உலக ஆடை வணிகத்தின் ஒதுக்கீட்டு முறை முடிவுற்றதோடு சிறு தொழிற்சாலைகள் பல நெருக்கடிக்குள்ளாயின. மூடப்படும் தொழிற்சாலையின் இயந்திரங்கள் கைமாற்றுச் சந்தைக்கு வருதல் இயல்பு. நாள் முழுவதும் ஒரே தையலைத் தைப்பவருக்கு இவை மிகப் பயனுடையன. ஆயின், இவை பெரும்பாலும் ஒரு பணியையே செய்வன. பழைய வகை மோட்டரைக் கொண்டவை தைக்காத வேளையிலும் ஓடி மின்சாரத்தை உண்பன.

மின்சாரம் கற்பித்த பாடம்

பழைய பொறியின் பெறுமதியை இலங்கைத் தமிழர் அறிந்துகொண்ட காலம் ஒன்றுண்டு. 1990 ஆம் ஆண்டிலிருந்து இரு தசாப்தங்களுக்கு மேலாக யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. போரும் பொருளாதாரத் தடையும் நிலவிய அவ்வாண்டுகளில் மின்சாரம் வேண்டாத கால்மிதி இயந்திரமே வீட்டிற்கு உதவியது. 2009 இல் போர் முடிவுற்ற பின், பெண்களைத் தலைமையாகக் கொண்ட வன்னிக் குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாகத் தையல் இயந்திரங்கள் வழங்கப்பட்டன. அத்தகைய உதவி நிலைத்த பயன் தருதல், அவ்வியந்திரத்தைத் திருத்தவல்லவரும் உறுப்புகளும் எட்டும் தொலைவில் இருத்தலைப் பொறுத்தது.

தென்னிலங்கைக்கும் இப்பாடம் பின்னர் கிட்டியது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், மார்ச்சு மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றிற்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீடித்தது. உரூபாவின் பெறுமதி வீழ்ந்து இறக்குமதிகளும் கட்டுப்படுத்தப்பட்டமையால் உதிரி உறுப்புகள் அரிதாயின. 1960களின் நிலைமை வேறு வடிவில் மீண்டது எனலாம்.

தெரிவிற்குரிய அளவுகோல்

மேற்கூறிய வரலாறு கைமாற்றாக வாங்குவோர்க்குச் சில அளவுகோல்களைத் தருகின்றது. முதலாவது, இயந்திரத்தின் ஊசி, பொபின், பொபின் கூடு ஆகியன அண்மையிலுள்ள கடையிற் கிடைக்குமா என்பதாகும். இரண்டாவது, அதன் பற்சில்லுகள் எப்பொருளால் ஆனவை என்பதாகும். அடித்தகட்டையும் மேல் மூடியையும் திறந்து பார்த்தால் இது தெரியவரும். மூன்றாவது, கைச்சில்லைக் கையாற் சுழற்றும்போது அது ஒரு சுற்று முழுவதும் தடையின்றிச் செல்கின்றதா என்பதாகும். காய்ந்த எண்ணெயினால் இறுகிய பொறி மண்ணெண்ணெய் இட்டுத் துடைத்தால் இளகிவிடும். துருவேறி அரிக்கப்பட்ட உறுப்போ அவ்வாறு மீளாது. நான்காவது, மெல்லிய துணியிலும் தடித்த துணியிலும் தைத்து இருபுறத்தையும் நோக்குதல். மேல் நூலும் கீழ் நூலும் துணியின் நடுவே கோத்துக்கொள்ளின் பொறி செம்மையாக உள்ளது எனக் கொள்ளலாம். மினுங்கும் வர்ணத்தையும் பொன்னிறச் சித்திரத்தையும் கண்டு விலை பேசுதல் தகாது.

ஐந்தாவது அளவுகோல் தொழிலின் தன்மையாகும். சீருடை, திரைச்சீலை, தலையணை உறை ஆகியவற்றைத் தைப்பவருக்கு 15 ஆம் வகைக் கால்மிதி இயந்திரம் போதும். சட்டைப்பிடவையும் சிறுவர் ஆடையும் தைத்து விற்பவருக்கு வளைதையல் வேண்டும். அவர் உருக்குப் பற்சில்லுடைய வளைதையல் இயந்திரத்தைத் தேடுதல் நன்று. தொழிற்சாலைக்கு ஒப்பந்த அடிப்படையில் தைத்துக் கொடுப்பவர் தொழிற்சாலை இயந்திரத்தையே நாட வேண்டும்.

ஆகவே, பழையது, புதியது என்னும் பாகுபாடு ஆண்டுக் கணக்கால் மட்டும் துணியப்படுவதன்று. உரியவராலோ ஊரிலுள்ள திருத்துநராலோ மீள இயக்கத்தக்க பொறி எத்தனை ஆண்டு கடந்ததாயினும் வாழும் பொறியே. உறுப்புக் கிடையாமையால் மூலையில் ஒதுக்கப்படும் பொறி சென்ற ஆண்டு வந்ததாயினும் முதுமை அடைந்ததே. 1877 இல் புறக்கோட்டைக்கு வந்த இயந்திரம் ஏழைக் குடும்பங்களுக்குத் துணையாயிற்று எனின், அதனைப் பேணவல்ல கைகள் ஊர்தோறும் உருவாகியமையும் அதற்குரிய காரணமாகும். அக்கைவினை அறிந்தோர் அருகிவரும் இக்காலத்தில், இயந்திரங்களை வழங்கும் திட்டங்களும் தையற் பயிற்சி நிலையங்களும் திருத்தும் பயிற்சிக்கும் இடமளித்தல் இன்றியமையாதது. அவ்வாறு செய்யின், கைமாறி வரும் ஒவ்வொரு பொறியும் இன்னுமொரு தலைமுறைக்குச் சோறிடும்.