அட்டவணையும் அதன் விளக்கவுரையும்: மருத்துவ நூல்தேடல் கருவிகளின் ஆவணப்படுத்தல் வரலாறு (1879 – இன்று)

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவத் தரவுகளைத் தேடித்தரும் கருவிகளின் பயன், அவற்றில் உள்ள தரவுகளை மட்டும் பொறுத்ததன்று. அவை தம் எல்லைகளைத் தம் வாசகருக்கு எவ்வாறு அறிவிக்கின்றன என்பதையும் பொறுத்தது. அச்சு அட்டவணை, கணினித் தேடல், இணையத் தேடல், செயற்கை நுண்ணறிவு முகவர் என்னும் நான்கு நிலைகளில் அவ்வறிவிப்பு அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இண்டெக்ஸ் மெடிகஸ், மெட்லார்ஸ், பப்மெட், ஆவணப்படுத்தல், செயற்கை நுண்ணறிவு முகவர்.

முன்னுரை

செயற்கை நுண்ணறிவு முகவர்கள் மருத்துவத் தரவுத்தளங்களைத் தாமே வினவிப் பெறும் விடைகளைத் தொகுத்துரைக்கத் தொடங்கியுள்ளன. ஒரு கருவியைப் பற்றி முகவர் அறிவது, பெரும்பாலும் அக்கருவியுடன் இணைத்து எழுதப்பட்ட விளக்கத்தின் வழியாகவே. எனவே அவ்விளக்கத்தின் தரத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் வினா எழுகிறது. இவ்வினா புதியதன்று. வாசகர் மாறிய ஒவ்வொரு காலத்திலும் அது வேறு வடிவில் எழுந்துள்ளது.

1. அச்சு அட்டவணைக் காலம்

அமெரிக்க இராணுவத் தலைமை மருத்துவர் அலுவலக நூலகத்தை வளர்த்தெடுத்த ஜான் ஷா பில்லிங்ஸ், ராபர்ட் ஃபிளெட்சருடன் இணைந்து 1879இல் 'இண்டெக்ஸ் மெடிகஸ்' என்னும் மாத அட்டவணையைத் தொடங்கினார். அந்நூலகத்தின் 'இண்டெக்ஸ் கேட்டலாக்' முதல் தொகுதி 1880இல் வெளிவந்தது. இவற்றின் வாசகர் மருத்துவர். எந்தக் காலத்து நூல்கள் இடம்பெற்றுள்ளன என்பது கையிலிருக்கும் தொகுதியிலேயே புலப்பட்டது. அட்டவணையின் எல்லை கண்ணுக்குத் தெரிந்ததால், அதனை விளக்கும் தேவை குறைவாக இருந்தது.

2. மெட்லார்ஸும் அதன் மதிப்பீடும்

அந்நூலகத்தின் வழிவந்த தேசிய மருத்துவ நூலகம், 1960இல் 'மெஷ்' என்னும் மருத்துவப் பொருட்தலைப்புத் தொகுதியை வெளியிட்டது. 1964இல் மெட்லார்ஸ் என்னும் கணினித் தேடல் முறையை இயக்கியது. மருத்துவர் தம் தேவையை எழுதி அனுப்புவார். பயிற்சி பெற்ற தேடுநர் அதனை மெஷ் சொற்களில் அமைந்த சூத்திரமாக மாற்றுவார். விடை வரச் சில வாரங்கள் ஆகும். கருவிக்கும் வாசகருக்கும் இடையே ஓர் இடையாள் தோன்றிய காலம் இது.

இம்முறையின் திறனை எஃப். டபிள்யூ. லான்காஸ்டர் 1966–67 காலத்தில் ஆராய்ந்து, 1968இல் அறிக்கை அளித்தார். ஏறத்தாழ 300 தேடல்களை அவர் பகுத்தார். தொடர்புடைய கட்டுரைகளில் சராசரியாக 58 சதவீதமே கிடைத்தன. கிடைத்தவற்றுள் பாதியளவே பொருத்தமானவை. தவறிய கட்டுரைகள் ஒவ்வொன்றும் ஏன் தவறின என்பதை அவர் ஆராய்ந்ததே அறிக்கையின் சிறப்பு. தவறுகளில் ஏறத்தாழ கால்பங்கு, பயனருக்கும் அமைப்புக்கும் இடையிலான தொடர்பில் நேர்ந்தவை. கோரிக்கைப் படிவத்தைத் திருத்தி அமைக்க அவர் பரிந்துரைத்தார். தரவு சரியாக இருந்தும், அதனைக் கேட்கும் முறை விளங்காமையால் தேடல் பிழைபடலாம் என்பது இங்கு அளவுகளோடு நிறுவப்பட்டது.

3. 2001: எல்லை அறியாத் தேடல்

1971இல் மெட்லைன் தொலைத்தொடர்பு வழித் தேடலைத் தந்தது. 1997இல் பப்மெட் யாவருக்கும் கட்டணமின்றிக் கிடைத்தது. இடையாளர் மறைந்தார், அவரது அறிவும் உடன் மறைந்தது.

2001ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்துமா ஆய்வொன்றில் ஹெக்ஸாமெத்தோனியம் என்னும் மருந்தை உள்ளிழுத்த 24 வயதுத் தன்னார்வலர் உயிரிழந்தார். ஆய்வுக்கு முன் பப்மெட்டில் தேடல் நடந்திருந்தது. ஆனால் அன்றைய பப்மெட் தேடல் 1966 வரையே பின்சென்றது. அம்மருந்தை நுரையீரல் பாதிப்போடு தொடர்புபடுத்திய கட்டுரைகள் 1950களில் வெளியானவை. அம்மரணத்திற்கு இக்குறை ஒன்றே காரணமன்று. ஆய்வுநெறிக் குறைகள் பலவும் சுட்டப்பட்டன. எனினும் 'தேடியதில் கிடைக்கவில்லை' என்பதற்கும் 'சான்று இல்லை' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இந்நிகழ்வு உணர்த்தியது. அச்சுத் தொகுதியில் கண்ணுக்குத் தெரிந்த எல்லை, திரையில் தெரியவில்லை.

4. இயந்திர வாசகர்

பப்மெட்டை நிரல்வழி வினவ 'ஈ-யூட்டிலிட்டீஸ்' என்னும் இடைமுகங்கள் உள்ளன. இவற்றின் ஆவணம் விரிவானது. எனினும் அது நிரலாளர் பொறுமையாகப் படிப்பார் என்னும் எதிர்பார்ப்பில் எழுதப்பட்டது. 'ஈ-சர்ச்' கருவி, வேறு ஆணை இல்லாதபோது 20 அடையாள எண்களையே தரும். மொத்த எண்ணிக்கை தனிப்புலத்தில் இருக்கும். வினவலில் உள்ள சொற்களை அது தானே மெஷ் தலைப்புகளாக மாற்றும். 'கேன்சர்' என்று கேட்டால் 'நியோபிளாசம்ஸ்' என்னும் தலைப்பும் சேரும். மாறிய வடிவமும் விடையில் தனியே குறிக்கப்படும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை என்னும் குறிப்பு, சுருக்கத்தில் அன்றி, வெளியீட்டு வகைப் புலத்தில் அமையும்.

முகவர்களுக்கென இவ்விடைமுகங்களின் மேல் பிறர் கட்டும் கருவிகள், பல பக்க ஆவணத்தைச் சில வரிகளாகச் சுருக்குகின்றன. 'மருத்துவக் கட்டுரைகளைத் தேடும்' என்னும் ஒருவரி விளக்கம் பொய்யன்று, ஆயினும் போதாது. மொத்த எண்ணிக்கையைத் தராமல் 20 எண்களை மட்டும் தரும் கருவியை நம்பும் முகவர், இருபதையே முழுமை எனக் கொள்ளக்கூடும். மனித வாசகருக்குத் திரையின் மேலே தெரியும் எண், முகவருக்கு எழுதிச் சொல்லப்பட்டால்தான் உண்டு.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மதிப்பீட்டுக்குரிய நான்கு அளவுகோல்கள் பெறப்படுகின்றன: தரவு எந்தக் காலத்தையும் எவ்விதழ்களையும் தழுவியது; வினவல் உள்ளே எவ்வாறு மாற்றப்படுகிறது; விடை எங்கே துண்டிக்கப்படுகிறது; வெற்று விடை எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்காது. லான்காஸ்டர் செய்ததுபோல், தவறிய தேடல்களைத் தனித்தனியே ஆராய்ந்து, தவறு தரவிலா விளக்கத்திலா எனப் பிரித்தறிவதே தக்க மதிப்பீட்டு முறையாகும். விளக்கம் எத்தனை பக்கம் நீள்கிறது என்பது அதன் தரத்தைக் காட்டாது. கருவி அறியாதவற்றை அது சொல்கிறதா என்பதே காட்டும்.