பிலிம் இல்லாத படப்பள்ளி

கருவி கிட்டிய பின்னரே திரைக்கலை கற்க இயலும் என்று நம் மாணவர் சோர்வுறுவதைப் பன்முறை கண்டுள்ளோம். அவர்கள் அறியவேண்டிய வரலாறு ஒன்று உண்டு.

1919ஆம் ஆண்டில் மாஸ்கோவில் அரசுத் திரைப்படப் பள்ளி நிறுவப்பெற்றது. அது உள்நாட்டுப் போர்க்காலம். பிலிம் கிடைப்பதோ அரிது. ஆங்கே ஆசிரியராய் அமர்ந்த லெவ் குலெஷோவ், இருபது வயதையொட்டிய இளைஞர். அவர்தம் மாணவர்கள் கதையைச் சிறுசிறு காட்சிகளாக வகுத்து, கேமிரா பார்ப்பது போலவே மேடையில் நடித்துப் பழகினர். ‘பிலிம் இல்லாப் படங்கள்’ என்றே அவற்றுக்குப் பெயர்.

படத்தொகுப்பைப் பழைய படத்துண்டுகளை வெட்டி ஒட்டிக் கற்றனர். நடிகர் மொசுஹினின் ஒரே முகத்தைச் சூப்புத்தட்டு, சவப்பெட்டி, விளையாடும் குழந்தை ஆகியவற்றோடு மாறிமாறி இணைத்தனராம். முகம் மாறவில்லை, பார்த்தவர் அதில் பசியையும் துயரையும் மகிழ்வையும் கண்டனர் என்பர். துண்டுகள் எவையென்பதில் குலெஷோவும் அவர் மாணவர் புதொவ்கினும் வேறுபடுகின்றனர்.

1924இல் அம்மாணவரைக் கொண்டே ‘மிஸ்டர் வெஸ்ட்’ பற்றிய நகைச்சுவைப் படத்தைக் குலெஷோவ் எடுத்தார். அதில் வஞ்சகனாக நடித்த புதொவ்கின், ஆசிரியரினும் ஆறாண்டு மூத்தவர்! நாம் நன்கறிந்த கார்க்கியின் ‘தாய்’ நாவலை 1926இல் படமாக்கியவர் அவரே.