கீழாநெல்லியும் 59 சதவீதமும்: ஒரு மெட்ராஸ் ஆய்வின் கதை

கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

செய்யூர்ப் பக்கம் ஓ.பி.யில் ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ்னு ரிப்போர்ட் வந்தவங்க கேட்கிறது பெரும்பாலும் ரெண்டு கேள்விதான். "கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சா போயிடுமா டாக்டர்?" இது வீட்டுப் பெரியவங்க கேட்கிறது. "புது மருந்துக்கு ஆராய்ச்சி நடக்குதாமே, அதுல சேர முடியுமா?" இது கூட வந்த பிள்ளைங்க கேட்கிறது. ஒரு காலத்துல இந்த ரெண்டும் ஒரே கேள்வியா இருந்தது. அதுவும் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குள்ள, சென்னை தரமணியில்.

முதல்ல கீழாநெல்லிக்கு ஏன் இவ்வளவு பேர்? மஞ்சக்காமாலைன்னு நாம சொல்றதுல பெரும்பகுதி, கெட்ட தண்ணியால வர்ற ஹெபடைட்டிஸ் ஏ, இ. பெரும்பாலானவங்களுக்குச் சில வாரத்துல தானா சரியாகிடும். அந்தச் சில வாரத்துல யார் எதை மோரில் கலந்து குடிச்சாலும், பேரு அதுக்குத்தான் போகும்!

ஹெபடைட்டிஸ் பி வேற ரகம். ரத்தம், உடலுறவு, பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைன்னு பரவும். வளர்ந்தவங்களுக்கு வந்தா பெரும்பாலும் உடம்பே விரட்டிடும். பிறக்கும்போதே தொற்றினா பத்துக்கு ஒன்பது குழந்தைகளிடம் அது தங்கிடும். கண்ணு மஞ்சளாகாது, வலிக்காது. இருபது முப்பது வருஷம் கழிச்சு கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிய வரலாம்.

இந்த வைரஸை நமக்கு அடையாளம் காட்டியவர் பரூக் பிளம்பெர்க் என்ற அமெரிக்கர். 1960களில் ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியின் ரத்த மாதிரியில் ஒரு புதுப் புரதத்தைப் பார்த்தார். இன்னிக்கு உங்க ரிப்போர்ட்டில் 'ஹெச்.பி.எஸ். ஆன்டிஜென்' என்று இருக்கிறதே, அதுதான். 1976ல் நோபல் பரிசு வந்தது.

அதே சமயம் நம்ம ஊர்க் கதை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில், டாக்டர் ஏ.எல். முதலியார் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் நுண்ணுயிரியலாளர் எஸ்.பி. தியாகராஜன். (பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்.) மஞ்சக்காமாலைக்கு நாட்டு வைத்தியத்தில் கொடுக்கும் செடிகளை அவரது குழு சோதனைக்குழாயில் வைரஸோடு மோதவிட்டுப் பார்த்தது. கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் அந்த ஆன்டிஜெனைச் செயலிழக்கச் செய்வதாக 1982ல் கட்டுரை வந்தது.

பிறகு செடி ஃபிலடெல்ஃபியாவில் பிளம்பெர்க்கின் ஆய்வகத்துக்குப் போனது. அங்கே வேங்கடேஸ்வரன் என்ற ஆய்வாளர் 'வுட்சக்' என்ற பிராணிக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். வுட்சக் அணில் குடும்பம். ஹெபடைட்டிஸ் பி-யின் பங்காளி வைரஸ் ஒன்று அதற்கு வரும். முடிவு நம்பிக்கை தந்தது, 1987ல் வெளியானது. இன்னொரு சுவாரசியம்: அதுவரை செடிக்கு 'ஃபில்லாந்தஸ் நிரூரி' என்றே எழுதிவந்தார்கள். நம்ம வரப்போரத்தில் முளைப்பது 'ஃபில்லாந்தஸ் அமாரஸ்'. பேரே பிறகுதான் திருத்தப்பட்டது.

1988ல் மனிதர்கள். தியாகராஜன் குழுவும் பிளம்பெர்க்கும் சேர்ந்து லான்செட்டில் எழுதினார்கள். வைரஸ் தங்கிவிட்டவர்களுக்கு, வேர் நீக்கிய கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், தினம் மூணு வேளை, 30 நாள். இன்னொரு குழுவுக்கு மருந்தில்லாத டம்மி மாத்திரை, அதாவது பிளசீபோ. முடிந்து 15 முதல் 20 நாளில் ரத்தம் எடுத்தார்கள். செடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரிடம் ஆன்டிஜென் இல்லை. 59 சதவீதம். பிளசீபோ குழுவில் 23 பேரில் ஒருவர் மட்டும்.

இது எவ்வளவு பெரிய எண் தெரியுமா? சிகிச்சையே இல்லாம ஆன்டிஜென் தானா மறைவது வருஷத்துக்கு நூற்றில் ஒருவருக்கு, அவ்வளவுதான்.

உலகமே திரும்பிப் பார்த்தது. திரும்பிப் பார்த்தவர்கள் செய்தும் பார்த்தார்கள். 1990ல் தாய்லாந்து: பலன் இல்லை. 1991ல் நெதர்லாந்து: உறுதிப்படவில்லை. 1994ல் மும்பைக் குழு ஒன்று, அதே வருஷம் நியூசிலாந்து: ஆன்டிஜென் போகவில்லை. 2011ல் எல்லா ஆய்வுகளையும் அலசிய காக்ரேன் ஆய்வுரையும், பிளசீபோவைவிட மேல் என்று சொல்ல நம்பகமான சான்று இல்லை என்றது.

"அவங்க மண்ணு வேற, பறிச்ச பருவம் வேற" என்று ஒரு வாதம் உண்டு. இருக்கலாம். செடிக்குச் செடி சத்து மாறும்தான். ஆனா அதை இன்னொரு ஆய்வு செஞ்சுதான் காட்டணும். அந்த வாதத்தை வச்சு 59ஐ மட்டும் பத்திரமா வச்சுக்க முடியாது. 60 பேர், சில வாரம். கட்டுரையிலேயே இதை 'முதற்கட்ட ஆய்வு'ன்னுதான் எழுதியிருந்தாங்க.

தரமணிக் குழுவைக் குறை சொல்றதா நினைக்காதீங்க. பாட்டி வைத்தியத்தை பிளசீபோவோட நிறுத்தி, எண்ணி, உலகம் சரிபார்க்கிற மாதிரி வெளிப்படையா வச்சாங்க. லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்கிறவர் இதைச் செய்வாரா?

இப்போ இன்னிக்கு வருவோம். பெபிரோவிர்சென் என்ற ஊசி மருந்தின் இரண்டாம் கட்ட முடிவு 2022ல் வந்தது. வாரம் ஒரு ஊசி, 24 வாரம். நிறுத்தி இன்னும் 24 வாரம் காத்திருந்து பார்த்தாங்க. ஆன்டிஜெனும் வைரஸும் மறைஞ்சே இருந்தது நூற்றுக்கு 9, 10 பேருக்கு. அதுக்கே கல்லீரல் மருத்துவர்கள் சந்தோஷப்பட்டாங்க. 59ஐ நினைச்சுப் பாருங்க.

அதனால ரெண்டாவது கேள்விக்குப் பதில்: சேரலாம். ஆனா சிகிச்சைன்னு நினைச்சு சேராதீங்க. பதில் தெரியாததாலதான் ஆய்வே நடக்குது. உங்களுக்கு பிளசீபோ விழலாம். மருந்தே விழுந்தாலும் பலிக்காம போகலாம்.

தேடுற இடம் சி.டி.ஆர்.ஐ. ஐ.சி.எம்.ஆர். 2007ல் தொடங்கிய பதிவேடு, யார் வேணாலும் இணையத்தில் இலவசமா பார்க்கலாம். 15 ஜூன் 2009லிருந்து இந்தியாவில் மருந்து ஆய்வுகளை அதுல பதிவு செய்யறது கட்டாயம். நோய்ப் பேரைப் போட்டுத் தேடுங்க. எந்த மருத்துவமனை, ஆள் சேர்க்கிறாங்களா, நெறிமுறைக் குழு அனுமதி இருக்கா, எல்லாம் அதுல இருக்கும். யாரைச் சேர்ப்பாங்கன்னும் இருக்கும்: வயசு, வைரல் லோடு, எஸ்.ஜி.பி.டி., கல்லீரல் சுருக்கம் உண்டா இல்லையா. பாதிப் பேர் இந்த இடத்துலயே கழிஞ்சிடுவாங்க, மனசு விடாதீங்க.

ஆய்வு மருந்துக்குப் பணம் கேட்டா எழுந்து வந்துடுங்க. ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியற மொழியில் இருக்கணும், ஒரு பிரதி உங்க கைக்கு வரணும், எப்ப வேணாலும் விலகலாம். ஆய்வால் உடம்புக்குக் கேடு வந்தா இலவச சிகிச்சையும் இழப்பீடும் 2019 விதிகளில் இருக்கு.

ரொம்ப முக்கியம்: டெனோஃபோவிர் சாப்பிடறவங்க, ஆய்வுக்காகவோ கீழாநெல்லிக்காகவோ அதை நீங்களா நிறுத்திடாதீங்க. அடங்கின வைரஸ் திடீர்னு கிளம்பி கல்லீரலையே செயலிழக்க வைக்கலாம். 2018லிருந்து தேசியத் திட்டத்தில் அரசு மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிங்க. வீட்டுல இருக்கிறவங்களுக்கும் டெஸ்ட் எடுங்க, நெகட்டிவ்னா தடுப்பூசி போடுங்க.

சி.டி.ஆர்.ஐ. எண் ஏதாவது கண்டுபிடிச்சா கீழே போடுங்க, சேர்ந்து படிப்போம். உங்க ரிப்போர்ட்டை மட்டும் போட்டோ எடுத்துப் போடாதீங்க, அதுல உங்க பேர் இருக்கும்.