தபாலால் உயர்ந்த பிரபுக் குடும்பம்

ஜேர்மனியப் பிரபுக் குடும்பங்களின் வரலாற்றை ஆராயுமிடத்து, அவற்றுட் பெரும்பாலானவை வாள்வலியாலும் நிலவுரிமையாலும் தலைமை எய்தினமை புலனாகும். பிறருடைய கடிதங்களைக் கொண்டுசென்று கொடுத்தே இளவரசர் வரிசையில் இடம்பெற்ற குடும்பமும் ஒன்றுண்டு. அதுவே தூர்ன்-டாக்சிஸ் குடும்பமாகும்.

இக்குடும்பத்தின் பூர்வீகம் ஜேர்மனியன்று. வட இத்தாலியில், பேர்காமோ நகரை அடுத்த மலைப்பகுதியிலுள்ள கோர்னெல்லோ என்னுஞ் சிற்றூரே இவர்தம் பிறப்பிடம். அங்கு தாசோ என வழங்கிய இவர்கள் செய்தி கொண்டுசெல்லுந் தொழிலிற் கைதேர்ந்தவராயிருந்தனர். ஹப்ஸ்பேர்க் மரபினரின் ஆட்சிப் பகுதிகளோ ஒஸ்திரியாவிலும் நெதர்லாந்திலுமாகப் பிரிந்து கிடந்தன. அவற்றை இணைக்க விரும்பிய மன்னன் மாக்சிமிலியன், 1490 இல் இன்ஸ்புறுக்கிலிருந்து மெக்கலன் வரையான தபால்வழியை இவர்களிடம் ஒப்புவித்தான்.

வழியிலே குறித்த இடங்களிற் புதிய குதிரைகளும் ஆட்களும் ஆயத்தமாக நிற்பர். ஒருவன் கொணர்ந்த பையை மற்றொருவன் ஏற்று இரவு பகலாக விரைவான். 1505 இல் மாக்சிமிலியனின் மகன் பிலிப்புடன் பிரான்செஸ்கோ டாக்சிஸ் செய்த உடன்படிக்கையின்படி, பிரசெல்ஸிலிருந்து இன்ஸ்புறுக்குக்கு வேனிலில் ஐந்தரை நாளிலும் மாரியில் ஆறரை நாளிலும் தபால் சென்றடைதல் வேண்டும். காலப்போக்கில் வணிகரும் கட்டணஞ் செலுத்திக் கடிதங்கள் அனுப்பினர். அரசபணி பெருவருவாய் தரும் தொழிலாக மாறியது.

1615 இல் பேரரசின் தபால் மா அதிபர் பதவி லாமொறால் என்பவருக்குப் பரம்பரை உரிமையாக வழங்கப்பட்டது. முப்பதாண்டுப் போர் நடந்த காலத்தில், 1628 இற் கணவனை இழந்த அலெக்சாந்திரின் என்னும் பெருமாட்டி, மகன் பராயமடையும் வரை அப்பதவிப் பொறுப்பைத் தாமே ஏற்று நடத்தினார். 1650 இற் குடும்பம் தூர்ன்-டாக்சிஸ் என்னும் பெயர் பூண்டது; 1695 இல் இளவரசர் பட்டமும் பெற்றது. 1748 முதல் றேகன்ஸ்பேர்க்கிற் கூடிய பேரரசுச் சபையிற் பேரரசரின் பிரதிநிதியாக வீற்றிருந்தோரும் இவர்களே.

எனினும், கடிதத்தைக் கொண்டுசெல்பவன் அதனைப் பிரித்துப் படிக்கவுங் கூடும். ஹப்ஸ்பேர்க் அரசுக்காகக் கடிதங்களை இரகசியமாகத் திறந்து பார்க்கும் வேலைக்கு இத்தபால் உடந்தையாயிற்று. தன் செய்தியைப் பிறன் கையில் ஒப்புவிக்க எந்த அரசுதான் விரும்பும்? பிராண்டன்பேர்க் அரசு 1649 இலேயே தனக்கெனத் தபாற்சேவை அமைத்துக்கொண்டது. அவ்வரசே பின்னர் பிரஷியாவாக வளர்ந்தது.

1806 இற் பேரரசு மறைந்தது. பவேரியாவில் இழந்த தபாலுரிமைக்கு ஈடாக, 1812 இல் றேகன்ஸ்பேர்க்கிலுள்ள புனித எம்மெறாம் மடக் கட்டடங்கள் இக்குடும்பத்துக்குக் கிடைத்தன. ஏனைய பல சிற்றரசுகளில் அதன் தபால் தனியார் சேவையாக நீடித்தது. 1852 இல் அது முத்திரைகளையும் வெளியிட்டது. வடபகுதிக்கு ஒரு நாணயமும் தென்பகுதிக்கு வேறொரு நாணயமும் வழங்கியமையால் இருவகை முத்திரைகள் வேண்டியிருந்தன. ஜேர்மனி அக்காலம் சிதறிக் கிடந்தமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அச்சிதறலே இக்குடும்பத்தின் வாழ்வாகவும் இருந்தது. 1866 ஆம் ஆண்டுப் போரில் வென்ற பிரஷியா, 1867 யூலை 1 ஆந் தேதி, 30 இலட்சம் தாலர் ஈடு கொடுத்து அச்சேவையைத் தன்னகப்படுத்தியது.

பொதுமக்களுக்கு இன்றியமையாத சேவையொன்று ஒரு குடும்பத்தின் சொத்தாக மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் நிலவியமைக்குக் காரணம், அதனைச் செய்யவல்ல அரசு அப்போது இல்லாமையே. அத்தகைய அரசு தோன்றியதும் அவ்வுரிமை மறைந்தது. செல்வமும் மாளிகையும் எஞ்சின, அதிகாரம் எஞ்சவில்லை. 1919 ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பு பிரபுக்களின் தனியுரிமைகளை நீக்கியபோது, இக்குடும்பத்தின் உண்மையான உரிமை நீங்கி அரைநூற்றாண்டு கடந்திருந்தது.