இயங்கும் இலக்கணம்: பன்மொழிக் கருவி ஒன்றின் கட்டளைப் பட்டியலும் அதன் வரலாறும்

இலக்கணம் என்பது மொழி இருக்கும் நிலையைக் கூறுவதா, இருக்க வேண்டிய நிலையை விதிப்பதா என்பது எல்லா நாட்டு இலக்கண ஆசிரியர்களும் எதிர்கொண்ட வினாவாகும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதனுடன் மூன்றாவது வினா ஒன்றும் சேர்ந்தது. இலக்கணத்தை இயங்கச் செய்ய இயலுமா என்பதே அது. ஏட்டில் கிடக்கும் விதி, கட்டளையிட்ட அளவில் ஒரு தொடரை ஆக்கிக் காட்டுமா? அதே பொருளைப் பல மொழிகளில் ஒருங்கே காட்டுமா?

இவ்வினாக்களுக்கு விடைகாண எழுந்த கணிப்பொறிக் கருவிகளுள் ‘கிராமட்டிக்கல் ஃபிரேம்வொர்க்’ என்பது தனியிடம் பெறுகிறது. ‘இலக்கணச் சட்டகம்’ என அதனைத் தமிழில் சுட்டலாம். சுவீடன் நாட்டின் கோதன்பர்க் நகரில் வளர்ந்த இக்கருவிக்கு ஒரு கட்டளைப் பட்டியல் உண்டு. பார்வைக்கு அது வறண்ட கையேடே. எனினும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு சிந்தனையின் சாரம் அதனுள் அடங்கியுள்ளது. அதனை விரித்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய கனவு

1629ஆம் ஆண்டு நவம்பரில் பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட், மெர்சேன் என்னும் அறிஞருக்கு ஒரு மடல் வரைந்தார். எண்களுக்கு இயற்கையான வரிசை இருப்பது போல மனித எண்ணங்களுக்கும் ஒரு வரிசை காண இயலுமாயின் உலகப் பொதுமொழி ஒன்று பிறக்கும் என்பது அதன் கருத்து. அதற்கு முதலில் உண்மையான மெய்யியல் வேண்டும் என்பதையும், அத்தகைய மொழி வழக்கிற்கு வருவது அரிது என்பதையும் அவரே உணர்ந்திருந்தார்.

1668ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜான் வில்கின்ஸ் இக்கனவை நூலாக்கினார். உலகப் பொருள்கள் அனைத்தையும் 40 பெரும்பிரிவுகளாக வகுத்து, ஒவ்வொன்றிற்கும் ஒரு குறியீடு அமைத்தார். உழைப்பு பெரிது; எனினும் அம்மொழியைப் பேசுவார் இலர். ஒரு காலத்தவர் உலகைக் கண்ட பார்வையே எல்லாக் காலத்திற்கும் உரிய பாகுபாடு எனக் கொள்ளப்பட்டதே அதன் குறை எனலாம்.

கணிப்பொறியின் வருகை

கணிப்பொறி தோன்றிய சில ஆண்டுகளிலேயே மொழிபெயர்ப்பு அதற்குரிய பணியாகக் கருதப்பட்டது. 1949இல் வாரன் வீவர் என்னும் அமெரிக்க அறிஞர் இதுபற்றிய குறிப்பொன்றை அறிஞர்களிடையே சுற்றுக்கு விட்டார். 1954 சனவரியில் நியூயார்க் நகரில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம். நிறுவனமும் இணைந்து, உருசியத் தொடர்களை ஆங்கிலமாக்கும் செயல்விளக்கம் ஒன்றை நிகழ்த்தின. அதற்குப் பயன்பட்டவை 250 சொற்களும் 6 விதிகளுமே. நாளேடுகள் வியந்தன, நம்பிக்கை பெருகியது.

அந்நம்பிக்கையைத் தளர்த்தியவர் பார்-ஹில்லெல். ‘பென்’ என்னும் ஆங்கிலச் சொல் எழுதுகோலையும் குறிக்கும். குழந்தை விளையாடும் தடுப்படைப்பையும் குறிக்கும். பெட்டி ஒன்று ‘பென்’னுக்குள் இருந்தது எனின், எப்பொருள் என்பதை எந்த விதியும் சொல்லாது; பெட்டி பெரிது, எழுதுகோல் சிறிது என்னும் உலகறிவே சொல்லும். ஆதலின் எல்லாப் பொருளையும் குறையின்றித் தானே பெயர்க்கும் எந்திரம் இயலாது என அவர் 1960இல் நிறுவ முயன்றார். 1966இல் அமெரிக்க வல்லுநர் குழு ஒன்றின் அறிக்கையும் ஏமாற்றத்தையே பதிவு செய்தது. பொருளுதவி சுருங்கியது.

இருநிலை இலக்கணம்

மொழிபெயர்ப்பு எந்திரம் புகழ் இழந்த அக்காலத்திலேயே, அதற்குத் தொடர்பற்றது போலத் தோன்றிய அளவையியல் துறையில் ஒரு வித்து ஊன்றப்பட்டது. ஹாஸ்கெல் கர்ரி என்னும் அமெரிக்க அளவையியலாளர் 1961இல் வெளியான தம் கட்டுரையில் இலக்கணத்திற்கு இரண்டு நிலைகள் உண்டு என்றார். ஒன்று, கருத்துகள் ஒன்றோடொன்று கட்டப்படும் நிலை. மற்றொன்று, அக்கட்டுமானம் ஒலியாகவும் எழுத்தாகவும் புலப்படும் நிலை.

‘கண்ணன் மரத்தை வெட்டினான்’ என்னும் தொடரைக் கொள்வோம். வெட்டுதல் என்னும் வினை, செய்பவன் ஒருவன், செயப்படுபொருள் ஒன்று ஆகிய மூன்றின் இணைப்பு முதல் நிலை. ‘ஐ’ உருபு, ‘ஆன்’ விகுதி, வினைமுற்று இறுதியில் நிற்றல் ஆகியவை இரண்டாம் நிலை. ஆங்கிலத்தில் இவ்வுருபு இல்லை. வினை இடையில் நிற்கும். எனினும் முதல் நிலை மாறவில்லை. மொழிகள் வேறுபடுவது பெரும்பாலும் இரண்டாம் நிலையிலேயே என்பது இக்கொள்கையின் உயிர்.

1962இல் ஜான் மெக்கார்த்தி இத்தகைய பகுப்பைக் கணிப்பொறி நிரல்மொழிகளுக்கு வகுத்தார். 1970ஐ ஒட்டி ரிச்சர்ட் மாண்டேகு, மக்கள் பேசும் மொழிக்கும் அளவையியலார் ஆக்கிய குறியீட்டு மொழிக்கும் அடிப்படை வேறுபாடு இல்லை என வாதிட்டு, ஆங்கிலத்தின் ஒரு பகுதிக்குக் கணித முறையில் இலக்கணம் வகுத்தார். 1971இல் அவர் கொலையுண்டது அத்துறைக்குப் பேரிழப்பு. அவர் வழியில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் 1980களில் ‘ரொசெட்டா’ என்னும் மொழிபெயர்ப்பு அமைப்பை உருவாக்கினர். அதே காலப்பகுதியில் சுவீடன் நாட்டுப் பேர் மார்ட்டின்-லோஃப், கணித மெய்ப்பிப்புகளுக்கு அடிப்படையாகும் வகைக் கோட்பாட்டை வளர்த்தார். பின்லாந்தைச் சேர்ந்த ஆர்னே ரந்தா அக்கோட்பாட்டை மொழி இலக்கணத்தோடு பொருத்தி 1994இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலிலிருந்தே நம் கருவியின் நேர்வரலாறு தொடங்குகிறது.

கருவி பிறந்த கதை

1998இல் பிரான்சின் கிரெனோபிள் நகரிலுள்ள செராக்ஸ் ஆய்வு மையத்தில், பன்மொழி ஆவணம் எழுதும் திட்டம் ஒன்றின் பகுதியாக இக்கருவி உருப்பெற்றது. எழுதுபவர் தாம் அறிந்த ஒரு மொழியில் பொருளைத் தேர்ந்து கட்டினால், தாம் அறியாத மொழிகளிலும் அதே ஆவணம் பிழையின்றி எழ வேண்டும் என்பது நோக்கம். பின்னர் ரந்தா கோதன்பர்க்கில் பணியேற்க, கருவியும் அங்கு வளர்ந்தது. அது எழுதப்பட்ட நிரல்மொழியின் பெயர் ‘ஹாஸ்கெல்’ என்பது குறிப்பிடத்தக்கது. இருநிலை இலக்கணம் கண்ட கர்ரியின் பெயரே அம்மொழிக்கு இடப்பட்டது.

இக்கருவியில் இலக்கணம் எழுதுவார் இரண்டு பகுதிகள் எழுத வேண்டும். முதலாவது பொருட்கட்டுமானம், அது எல்லா மொழிக்கும் பொது. இரண்டாவது ஒவ்வொரு மொழிக்கும் உரிய வடிவ விதிகள். ‘இந்த மீன் நல்லது’, ‘இந்த இறைச்சி நல்லது’ என்பவற்றை இத்தாலிய மொழியில் கூறின், மீன் ஆண்பால் ஆதலின் ‘குவெஸ்தோ’, ‘புவோனோ’ எனவும், இறைச்சி பெண்பால் ஆதலின் ‘குவெஸ்தா’, ‘புவோனா’ எனவும் சுட்டும் பண்பும் திரியும். பின்னிய மொழியிலோ பெயர்களுக்குப் பால் வேறுபாடே இல்லை; ஆனால் வேற்றுமைகள் 15 உண்டு. பால் பற்றிய விதி இத்தாலியப் பகுதியில் மட்டும் நிற்கும். பொதுப் பகுதி அதனை அறியாது. வில்கின்ஸ் உலகம் முழுமைக்கும் ஒரே பாகுபாடு தேடித் தோற்றார். இங்கோ அவ்வத்துறைக்கு ஏற்பச் சிறுசிறு பொதுக் கட்டுமானங்கள் அமைகின்றன. பழைய கனவு தன் எல்லையை அறிந்து திரும்பி வந்தது எனலாம்.

ஒவ்வொரு துறைக்கும் சொல்திரிபு விதிகளைப் புதிதாக எழுதுதல் வீண் உழைப்பன்றோ? அதனைத் தவிர்க்க, மொழிகளின் உருபனியலும் தொடரியலும் அடங்கிய பொது நூலகம் ஒன்று படிப்படியாகக் கட்டப்பட்டது. இன்று அதில் நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் பல்வேறு நிலைகளில் இடம்பெற்றுள்ளன. 2009இல் முதல் கோடைப் பயிற்சி முகாம் கோதன்பர்க்கில் நடந்தது. 2010 முதல் 2013 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் நடந்த ‘மோல்ட்டோ’ திட்டம், கணிதப் பயிற்சி, காப்புரிமை ஆவணம், அருங்காட்சியக விளக்கம் ஆகிய துறைகளில் கருவியைச் சோதித்தது. 2011இல் ரந்தாவின் முழுமையான பாடநூல் வெளிவந்தது.

கட்டளைச் சொற்கள்

கருவியைத் தொடங்கியதும் திரையில் ஒரு குறி தோன்றிக் கட்டளைக்குக் காத்திருக்கும். ஒவ்வொரு கட்டளைக்கும் நீண்ட பெயர் ஒன்றும் ஓரிரு எழுத்தாலான குறும்பெயர் ஒன்றும் உண்டு. ‘ஹெல்ப்’ என்று கேட்டால் பட்டியல் முழுவதையும் கருவியே ஒப்புவிக்கும்.

‘இம்போர்ட்’ என்பது இலக்கணத்தை ஏற்றும் கட்டளை. எழுதிய விதிகளில் முரண் இருப்பின் இங்கேயே தடுக்கப்படும். ‘பார்ஸ்’ என்பது தொடரைப் பகுத்து அதன் பொருட்கட்டுமானத்தைக் கிளைவிரிந்த மரமாகக் காட்டுவது. இதில் சிறப்பு ஒன்றுண்டு. ஒரு தொடருக்கு இரு பொருள் இருப்பின் இரு மரங்களையும், ஐந்து இருப்பின் ஐந்தையும் அது காட்டும். சிலேடையை அது பிழை எனத் தள்ளுவதில்லை, மறைப்பதுமில்லை. ‘லீனியரைஸ்’ என்பது இதற்கு மறுதலை. மரத்தை வாங்கித் தொடராக்கித் தருவது அதன் தொழில்.

இவ்விரண்டையும் ஒரு நேர்கோட்டுக் குறியால் இணைத்தால் மொழிபெயர்ப்பு நிகழும். ஒரு கட்டளையின் விளைவை மறு கட்டளைக்கு ஊட்டும் இக்குழாய் முறை, 1973இல் ‘யூனிக்ஸ்’ அமைப்பில் தோன்றியது. ‘மொழிபெயர்’ என்னும் தனிக்கட்டளை இங்குத் தேவைப்படவில்லை என்பது எண்ணத்தக்கது. பொருளுணர்தல், பின் சொல்லுதல் என்னும் இரு செயல்களாகவே மொழிபெயர்ப்பு பிரிகிறது.

‘ஜெனரேட் ராண்டம்’ என்பது இலக்கணம் இடம்தரும் மரம் ஒன்றை மனம்போன போக்கில் ஆக்குவது. விதி எழுதியவர் எண்ணியும் பாராத தொடர்கள் அதனால் வெளிப்படும். இலக்கணத்தின் ஓட்டைகள் தெரிவது பெரும்பாலும் அப்பொழுதுதான். ‘மார்ஃபோ அனலைஸ்’ தொடரிலுள்ள ஒவ்வொரு சொல்லின் உருபன்களையும் பகுத்துரைக்கும். ‘மார்ஃபோ குவிஸ்’, ‘டிரான்ஸ்லேஷன் குவிஸ்’ ஆகியவை ஆசிரியப் பணி செய்பவை. முன்னது சொல்திரிபிலும் பின்னது மொழிபெயர்ப்பிலும் வினா எழுப்பி, விடையைத் திருத்தும். ‘விஷுவலைஸ் ட்ரீ’ மரத்தைப் படமாக வரையும். ‘அலைன் வேர்ட்ஸ்’ ஒரு மொழியின் எச்சொல் மற்றொரு மொழியின் எச்சொல்லுக்கு நேர் என்பதைக் கோடிட்டுக் காட்டும். அக்கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதைக் காண்பார், சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது ஏன் மொழிபெயர்ப்பு ஆகாது என்பதை ஒரு நொடியில் உணர்வர்.

எண்ணிக்கையின் அறைகூவல்

இக்கருவி வளர்ந்த காலத்தில் காற்று எதிர்த்திசையிலேயே வீசியது. 1990ஐ ஒட்டி ஐ.பி.எம். ஆய்வாளர்கள் கனடா நாடாளுமன்றத்தின் ஆங்கில, பிரெஞ்சு நடவடிக்கைக் குறிப்புகளைக் கணிப்பொறிக்கு ஊட்டி, இலக்கணமே இன்றி நிகழ்தகவு கொண்டு மொழிபெயர்த்துக் காட்டினர். 2017க்குப் பின் எழுந்த நரம்புவலை அமைப்புகள் அவ்வழியைப் பெருவழியாக்கின. எத்துறைத் தொடரையும் பெயர்க்கும் அவற்றின் பரப்பு, இலக்கணச் சட்டகத்திற்கு வாய்க்கவில்லை. இதனை ஒப்புக்கொள்வதே நேர்மை.

எனினும் இரு வினாக்கள் எஞ்சுகின்றன. ஒன்று நம்பகம் பற்றியது. அயல்மொழிச் செய்தியின் சாரத்தை அறிய விரும்புவார் சிறு பிழையைப் பொறுப்பர். மருந்தின் அளவை அச்சிடுவாரோ பொறுக்க இயலாது. 2013ஐ ஒட்டி இக்கருவி கொண்டு ஆக்கப்பட்ட மொழிபெயர்ப்புச் செயலி, தன் விடைகளுக்கு நிறம் தீட்டியது. பொருளறிந்து பெயர்த்தது பச்சை. தொடரமைப்பு மட்டும் அறிந்தது மஞ்சள். துண்டு துண்டாக ஒட்டியது சிவப்பு. தான் அறிந்ததன் எல்லையைத் தானே சொல்லும் எந்திரம் அரிது.

மற்றொன்று சிறுமொழிகள் பற்றியது. நிகழ்தகவு முறைக்கு மலைபோல் குவிந்த எழுத்துச் செல்வம் வேண்டும். மால்டா மொழி, சோமாலி, சுவாகிலி, சூலு ஆகியவற்றிற்கு அத்தகைய குவியல் ஆங்கிலத்திற்கு உள்ளது போல் இல்லை. ஆனால் அவற்றின் இலக்கணத்தை அறிந்தோர் உளர். சில ஆயிரம் வரிகளில், சில மாத உழைப்பில், ஒரு மொழியை இந்நூலகத்தில் சேர்க்க இயலும். அங்கு மொழிக்கு நுழைவுச்சீட்டு எழுத்தின் அளவன்று. அம்மொழியை உணர்ந்து வகுத்துரைக்கும் ஒருவரின் அறிவே. 2020இல் விக்கிமீடியா நிறுவனம் ஏற்ற ‘அருவ விக்கிப்பீடியா’ திட்டம், ஒரு முறை கட்டிய பொருளைப் பல மொழிகளில் வெளியிடும் இதே கருத்தைக் கையிலெடுத்ததற்கும் இத்தேவையே காரணம்.

முடிவுரை

டேக்கார்ட்டின் மடலிலிருந்து கோதன்பர்க்கின் கட்டளைப் பட்டியல் வரை நீளும் இவ்வரலாறு, முழு வெற்றியின் வரலாறன்று. எல்லையை ஒப்புக்கொண்டு முன்னேறியதன் வரலாறு. இலக்கண ஆசிரியரின் பணி முடிந்துவிட்டது என்று சொல்லப்படும் காலத்தில், அப்பணி எங்கெல்லாம் இன்னும் ஈடற்றது என்பதை இது காட்டுகிறது.

கவிஞர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. மரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒலியை மாற்றலாம் என்பது இக்கருவியின் அடித்தளம். ஆவணத்திற்கு அது பொருந்தும். கவிதையிலோ ஒலியை நீக்கினால் மரமும் பட்டுவிடுகிறது. கட்டளைப் பட்டியலில் ‘ரேங்க் ட்ரீஸ்’ என ஒன்றுண்டு; பல மரங்களை நிகழ்தகவு நோக்கி வரிசைப்படுத்துவது அது. அழகு நோக்கி வரிசைப்படுத்தும் கட்டளை அப்பட்டியலில் இல்லை. அந்த இடம் இன்றும் கவிஞர்க்கே உரியது.