பாலாடையும் புட்டியும்: தமிழ் இல்லங்களில் கைக்குழந்தைக்குப் பாலூட்டும் கருவிகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

குழந்தை வளர்ப்புக்காக ஒரு வீடு சேர்த்துவைக்கும் சிறு பொருள்கள் வரலாற்றெழுத்தில் பெரிதும் இடம்பெறுவதில்லை. அவற்றுள் பாலூட்டும் சங்கு, பாலாடை, உரைமருந்து, கிரைப் வாட்டர், பால்புட்டி ஆகியவற்றை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. புட்டி வந்த பின்னரும் பாலாடை மறையாமல் மருத்துவமனைவரை சென்று சேர்ந்ததற்கான காரணத்தை ஆராய்வதே இதன் நோக்கம்.

முன்னுரை

அரண்மனைக் கலன்கள் அருங்காட்சியகத்தில் இடம்பெறுகின்றன. அடுக்களைக் கலன்கள் தேய்ந்ததும் பழைய பாத்திரக் கடைக்குச் செல்கின்றன. ஆயினும் ஒரு சமூகம் தன் குழந்தைகளை எவ்வாறு உயிரோடு காத்தது என்னும் வினாவுக்கு இரண்டாம் வகைப் பொருள்களே விடை வைத்திருக்கின்றன. தாய்க்குப் பால் சுரக்காதபோதும், தாய் நோயுற்றபோதும், குழந்தை குறைமாதத்தில் பிறந்து உறிஞ்ச வலுவற்றிருந்தபோதும் வீட்டுப் பெண்கள் கையிலெடுத்த கருவி எது, அதன் இடத்தைப் பிடிக்க வந்தவை எவை என்பனவற்றைக் காலவரிசையில் காண்பது இன்றியமையாதது.

இலக்கியத்தில் பாலூட்டும் கலன்

தாயற்ற குழந்தையின் பசி தமிழ்க் காப்பிய மரபில் பேசப்பட்ட பொருளே ஆகும். மணிமேகலையில் சாலி என்னும் தாயால் கைவிடப்பட்ட ஆபுத்திரனுக்கு ஒரு பசு ஏழு நாள் பால் சொரிந்து காக்கிறது. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் மூன்று வயதுச் சம்பந்தருக்குச் சீர்காழிக் குளக்கரையில் உமையம்மை பொற்கிண்ணத்தில் பாலளிக்கிறார். முன்னதில் கலன் இல்லை. பின்னதில் கலன் உண்டு.

பாலூட்டும் சங்கிற்குத் தெளிவான சான்று பட்டினத்தார் பெயரில் வழங்கும் ஒரு தனிப்பாடலில் கிடைக்கிறது. மனித வாழ்வை மூன்று சங்குகளால் அளக்கும் அப்பாடல், பாலமுது ஊட்டும் சங்கை முதலாவதாகவும், மணவினைச் சங்கை நடுவிலும், இறப்பில் ஊதும் சங்கை இறுதியிலும் வைக்கிறது. நிலையாமையை உணர்த்த வந்த பாடல் இது. எனினும் விளக்கம் வேண்டாத உவமையாகப் பாலூட்டும் சங்கைக் கையாள்வதிலிருந்து, அக்கருவி கேட்போர் வீடுகளில் இயல்பாகப் புழங்கியது என்று கொள்ளலாம்.

சங்கிலிருந்து உலோகத்திற்கு

மன்னார் வளைகுடாவில் சங்கு குளித்தல் நெடுங்காலத் தொழிலாகும். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இத்தொழிலையும் சங்கின் பயன்பாடுகளையும் விரிவாகப் பதிவுசெய்தது. சங்கின் இயற்கை வடிவமே ஒரு பாலூட்டும் கலனாகும். அகன்ற வயிறு பாலைத் தாங்க, குறுகி நீண்ட மூக்கு குழந்தையின் இதழோரம் சென்று சேரும்.

இவ்வடிவத்தைப் பின்பற்றியே வெள்ளி, பித்தளை, பின்னர் எவர்சில்வர்ப் பாலாடைகள் உருவாயின. பாலின் மேற்படியும் ஏட்டைக் குறிக்கும் சொல்லே இக்கலனுக்கும் பெயராயிற்று. உலோகத்துக்கு மாறிய பின்னும் பல வீடுகளில் ‘சங்கு’ என்ற பெயரே நிலைத்தமை அதன் மூலத்தைக் காட்டுகிறது. வங்காளத்தில் இதே பயனுக்குரிய கலன் சிப்பியைக் குறிக்கும் ‘ஜினுக்’ என்ற சொல்லால் வழங்குவது ஒப்புநோக்கத்தக்கது.

உரைமருந்தும் கிரைப் வாட்டரும்

பாலாடை பாலுக்கு மட்டும் உரியதன்று. வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், சுக்கு முதலியவற்றைக் கல்லில் தாய்ப்பால் விட்டு உரைத்துப் புகட்டும் உரைமருந்துக்கும் அதுவே கருவி. வசம்புக்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்ற பெயர் உண்டு. இரவில் பெயர் சொல்லக்கூடாதென்று ‘பேர்சொல்லாதது’ என்றும் வழங்கினர். ஒரு பொருள் வீட்டு நம்பிக்கையில் பெற்றிருந்த இடத்தை இப்பெயர்கள் உணர்த்துகின்றன.

இந்த இடத்திற்கே கிரைப் வாட்டர் வந்து சேர்ந்தது. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வில்லியம் உட்வர்ட் என்னும் மருந்தாளர் 1851ஆம் ஆண்டில் உருவாக்கியது அது. சதகுப்பை எண்ணெய், சோடியம் பைகார்பனேட், சர்க்கரை ஆகியவற்றோடு பழைய கலவையில் ஆல்கஹாலும் இருந்தது. அது பிற்காலத்தில் நீக்கப்பட்டது. சென்னையில் 1928இல் தொடங்கப்பட்ட டி.டி.கே. நிறுவனத்தின் வழியாக அது தமிழ் வீடுகளில் வேரூன்றியது. பாட்டி, தாய், மகள் எனத் தலைமுறை வரிசையாகப் பரிந்துரைப்பதாக அமைந்த அதன் விளம்பரம் ஆராயத்தக்கது. அயல்நாட்டுப் புட்டி மருந்து, பாட்டி வைத்தியத்தின் அதிகாரத்தை எதிர்க்காமல் அதையே தன் குரலாக்கிக்கொண்டது.

புட்டியின் வருகையும் விலையும்

ரப்பர்க் காம்புக்கான காப்புரிமையை நியூயார்க்கைச் சேர்ந்த எலைஜா பிராட் 1845இல் பெற்றார். 1867இல் ஹென்றி நெஸ்லே சுவிட்சர்லாந்தில் குழந்தைகளுக்கான பால்மாவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நீண்ட ரப்பர்க் குழாய் பொருத்திய புட்டிகளின் உட்புறத்தைக் கழுவ இயலாமையால் கிருமிகள் பெருகின. அவற்றைப் பிரான்ஸ் 1910இல் தடைசெய்தது. சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவர் 1939இல் சிங்கப்பூரில் ஆற்றிய உரையில், தாய்ப்பாலுக்கு மாற்றாகப் பொருந்தாத பால்வகைகளைப் பரப்புவது கொலைக்கு ஒப்பானது என்று கண்டித்தார்.

இந்தியாவில் 1950களில் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் முறையை உருவாக்கியது. ஆனந்த் நகரின் பால் கூட்டுறவு அதை உற்பத்தி செய்தது. இறக்குமதியைக் குறைத்த அறிவியல் சாதனை அது. ஆனால் டப்பாவில் உள்ள தூய்மை, வீட்டு நீரிலும் புட்டியிலும் தொடரும் என்பதற்கு உறுதியில்லை. டப்பாவின் விலை தாங்காத குடும்பங்களில் தூளைக் குறைத்து நீரைக் கூட்டிக் கரைக்கும் நிலையும் நேர்ந்தது. வயிற்றுப்போக்கோடு ஊட்டக்குறைவும் சேர்ந்தது.

உலக சுகாதாரப் பேரவை 1981 மே மாதத்தில் தாய்ப்பால் மாற்றுப் பொருள் விற்பனைக்கான நெறிமுறையை ஏற்றது. இந்தியா 1992இல் தனிச் சட்டமே இயற்றி, 2003இல் அதை மேலும் கடுமையாக்கியது. பால்மாவோடு பால்புட்டியும் இச்சட்டத்திற்குள் அடங்குகிறது. இவற்றுக்கு விளம்பரம் கூடாது. டப்பாவில் குழந்தையின் படமோ பெண்ணின் படமோ இடம்பெறக் கூடாது.

பாலாடையின் மறுவருகை

புட்டி ஐயத்துக்குரியதானபோது, உறிஞ்ச இயலாத குழந்தைக்கு எதைக் கொண்டு பாலூட்டுவது என்ற வினா மருத்துவர்முன் எழுந்தது. இந்தியப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகள் பாலாடையை ஏற்றன. ‘பாலாடை’ என்ற தமிழ்ச்சொல் ஆங்கில மருத்துவ எழுத்திலும் கலைச்சொல்லாக நுழைந்தது. 1999இல் வெளியான இந்திய ஆய்வொன்று, புட்டி, கிண்ணம், பாலாடை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பாலாடைக்குச் சார்பான முடிவைத் தந்தது. 2007இல் பிரிட்டனில் நிகழ்ந்த ஆய்வோ, பாலாடையில் பால் மிகுதியாகச் சிந்துவதாகக் கண்டது. பழகிய கையும் பழகாத கையும் இவ்வேறுபாட்டில் பங்கு பெற்றிருக்கலாம் என்று கருத இடமுண்டு. குழந்தை விழுங்கிய பின்னரே அடுத்த துளியைச் சாய்க்கும் பொறுமை கருவியில் இல்லை, ஊட்டுபவரிடம் இருக்கிறது.

தமிழ்நாடு அரசு 2015இல் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு வழங்கத் தொடங்கிய 16 பொருள்கள் கொண்ட பரிசுப் பெட்டகத்தையும் இங்குக் கருதலாம். துண்டு, உடை, கொசுவலை, சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, தாய்க்குரிய சுண்டி லேகியம் முதலியன அதில் உள்ளன, பால்புட்டி இல்லை. பெட்டகத்தில் இல்லாத பொருளும் அரை நூற்றாண்டு விவாதத்தின் விளைவைப் பேசுகிறது.

முடிவுரை

பாலாடை பழமையானது என்பதற்காக நிலைக்கவில்லை. பழமையே அளவுகோலாயின் வசம்பும் அதே மதிப்பைப் பெற்றிருக்க வேண்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டாம் என்னும் இன்றைய மருத்துவ அறிவுரை உரைமருந்தையும் கிரைப் வாட்டரையும் ஒருசேர விலக்குகிறது. திறந்த வடிவம், மூலைமுடுக்கின்றிக் கழுவும் வசதி, கொதிநீரைத் தாங்கும் உலோகம், ஊட்டுபவரின் கவனத்தை விடாது வேண்டும் இயல்பு ஆகியனவே பாலாடையைக் காத்தன. மரபுப் பொருள்களை ஒட்டுமொத்தமாகப் போற்றுவதும் ஒட்டுமொத்தமாகத் தள்ளுவதும் ஆய்வுக்கு உதவா. ஒவ்வொரு பொருளும் குழந்தைக்கு என்ன செய்தது என்று தனித்தனியே கேட்டாக வேண்டும். அக்கேள்விக்கான விடையில் ஒரு பகுதி, ஏட்டிலேறாத வீட்டுப் பெண்களின் கைப்பழக்கத்தில் இருக்கிறது. அதைத் தொகுப்பது களஆய்வாளர்முன் உள்ள உடனடிப் பணியாகும்.